இருபது ஊசி

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு
இருபது கொண்டை ஊசி வளைவு.
எட்டு வருடமாய் ஏறுகிறேன் வேலைக்கு.
பெயருக்குள் ஊசி இருப்பது
போன மாசிதான் தெரிந்தது.

நூற்றேழாம் அறை. ஆள் காலி செய்து போயாகிவிட்டது.
வாஷ்பேசின் ஓரம் ஒரு பிளேடு.
பக்கத்தில் காப்பிக் கறை போல
காப்பியில்லாத ஒரு கறை.
காய்ந்திருந்தது. விரலால் சுரண்டினேன்.
விரலில் முந்தாநாள் வெங்காயம் அரிந்த கீறல்.
நடந்தது அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் தலைக்குள் நடந்தது.

அன்று இறங்குகிற பேருந்தில்
கம்பியைப் பிடிக்கவில்லை.
வளைவுக்கு ஒருவர் மேல் விழுந்தேன்.
"புதுசா மலை ஏறுனவனா நீ?" என்றார் கண்டக்டர்.
அவர் தந்த சில்லறையைக்
கர்ச்சீப் விரித்து வாங்கிக்கொண்டேன்.

பேருந்து நிலையத்துக் கழிப்பறைத் தாழ்ப்பாள்,
வங்கியில் நூல் கட்டிய பேனா,
செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு அளந்த படி,
மாரியம்மன் கோயில் குங்குமக் கிண்ணம்
(அது சிவப்பாய் வேறு இருந்து தொலைத்தது)
ஒன்றையும் தொடவில்லை.
தொட்டால் கழுவினேன்.
தொடாவிட்டாலும் கழுவினேன்.
டெட்டாலில் ரேகை உரிந்து
ரேஷன் கடை மெஷின் என் கட்டை விரலை
நான்தான் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை.
சர்க்கரை இல்லாமல் வீடு திரும்பினேன்.

வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு,
ஒரு டம்ளர், ஆணியில் தனியாக.
தெய்வானை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எங்கள் தெருவுக்கென்று தனி கிளாஸ் வைத்த கடையில்
ஒரு வாய் டீ குடிக்காமல்
சந்தைக்கும் வீட்டுக்கும் நடந்தே தேய்ந்தவர் என் அப்பா.
"அந்த மனுஷன் மகனா நீ?" என்றாள்.
பதில் சொல்லாமல் கை கழுவப் போனேன்.
சின்னவள் முத்தம் கேட்டு
கன்னத்தை நீட்டியபடியே தூங்கிப்போனாள்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று முறை ரத்தம் கொடுத்தேன்.
மூன்று முறையும் இல்லை என்றது காகிதம்.
"காய்ஞ்ச கறை, கம்பி, டம்ளர், இதுல வராதுங்க.
வெளிக்காத்துல அது தாங்காது"
என்றார் ஜோஸ்பின் மேடம், மூன்று முறையும் கோபப்படாமல்.
கடைசியில் என் கைகளைப் பார்த்தார்.
"உங்களுக்கு வந்திருக்கிறது வேற.
அதுக்கும் டாக்டர் இருக்கார், மாடியில.
ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

என் பேனா எழுதவில்லை.
பெஞ்சின் மறு ஓரத்திலிருந்து ஒன்று நீண்டது.
மஞ்சள் பை, பையில் மாத்திரை டப்பா,
கோரிமேட்டுச் செங்கமலம்.
எங்கள் லாட்ஜுக்குப் படுக்கை விரிப்பு துவைப்பவள்.
எட்டு வருடம் அவள் வெளுத்ததை
நான் உதறி விரித்திருக்கிறேன்,
வெயில் வாசனைக்கு ஒரு தடவை
முகம் புதைத்தும் இருக்கிறேன்.

கை பாதியில் நின்றது.
அவள் அதைப் பார்த்தாள். பழகியவள் போலப் பார்த்தாள்.
நான் தும்மினேன்.
முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு
"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே,
சளி எனக்கு ஆகாது.
போன ஐப்பசியில பத்து நாள் படுக்கையில கெடந்தேன்" என்றாள்.
பிறகு, குரல் இறக்கி,
"லாட்ஜுல சொல்லிராதீங்க.
வரதராஜு காதுக்குப் போனா
நாளைக்கே வேற ஆளு."

என்னிடம் இருந்து பரவக்கூடியவை இரண்டு:
ஒரு தும்மல், ஒரு வார்த்தை.
இரண்டுக்கும் அவள் பயந்தாள்.
அவள் பேனாவுக்கு நான்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பேருந்தில் கம்பியைப் பிடித்தேன்.
பன்னிரண்டாவது ஊசி வரை பிடித்திருந்தேன்.
பதின்மூன்றில் கை தானாகப் போய்ச்
சட்டையில் துடைத்துக்கொண்டது.
மாடி டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார்.

நூற்றேழில் புது விரிப்பு போட்டேன்.
குனிந்தபோது பையிலிருந்து விழுந்தது பேனா.
திருப்பித் தர மறந்திருக்கிறேன்.
உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன்.
எழுதுகிறது.